கண்ணோர லிம்ஃபோமாவுக்கு இரண்டு நாள் கதிர்வீச்சு

நிணநீர் அணுக்களில் உருவாகும் புற்றுநோய்க்கு லிம்ஃபோமா என்று பெயர். அதில் வேகமாகப் பரவும் வகைகளும் உண்டு, ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும் வகைகளும் உண்டு. கண்ணைச் சுற்றிய திசுக்களில் அரிதாகத் தோன்றும் ‘மால்ட்’ லிம்ஃபோமா மெல்ல வளரும் வகையைச் சேர்ந்தது. கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தால் இளஞ்சிவப்பாக, வழவழப்பாக ஒரு திட்டு தெரியலாம். பெரும்பாலும் வலி இருக்காது. அதனால் வெறும் கண் சிவப்பு என்று எண்ணிச் சொட்டு மருந்திலேயே பலர் மாதங்களைக் கழித்துவிடுகிறார்கள். திட்டிலிருந்து சிறு துண்டை எடுத்துச் செய்யும் பயாப்ஸி சோதனைதான் நோயை உறுதிப்படுத்தும்.

இதற்குக் கதிர்வீச்சு சிகிச்சை தருவார்கள். கதிர்வீச்சின் அளவைக் ‘கிரே’ என்ற அலகால் குறிப்பார்கள். இந்நோய்க்கு வழக்கமாகத் தருவது 24 கிரே. அதை 12 தவணைகளாகப் பிரித்துக் கொடுப்பார்கள். நோய் நன்றாக அடங்கும். ஆனால் கண் மென்மையான உறுப்பு. பின்னாளில் கண்புரை விழலாம். கண்ணீர் சுரப்பது குறைந்து கண் உறுத்தலாம்.

குறைந்த அளவு சிகிச்சையில் மொத்தமே 4 கிரேதான். நாளைக்கு 2 கிரே வீதம் இரண்டே நாளில் முடிந்துவிடும். பல புற்றணுக்களை அழிக்க இது போதாது. மெல்ல வளரும் லிம்ஃபோமா அணுக்களோ கதிருக்கு எளிதில் மசிபவை. சிறிதளவு பட்டாலே அவை தம்மைத் தாமே அழித்துக்கொள்ளத் தொடங்குகின்றன.

பிரிட்டனில் 548 நோயாளிகளிடம் நடந்த ‘ஃபோர்ட்’ ஆய்வு இந்த இரு அளவுகளையும் ஒப்பிட்டது. உடலின் பல பகுதிகளில் மெல்ல வளரும் லிம்ஃபோமா கொண்டவர்கள் அதில் இருந்தார்கள். ஐந்தாண்டுக்குப் பிறகும் சிகிச்சை பெற்ற இடத்தில் நோய் மீண்டும் வளராமல் இருந்தது 24 கிரேயில் சுமார் 90 விழுக்காடு, 4 கிரேயில் சுமார் 70 விழுக்காடு. ஆயுளில் வேறுபாடு காணப்படவில்லை.

கண்ணுக்கு மட்டும் தனியாக அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் ஓர் ஆய்வு நடத்தியது. அதன் முடிவு 2024இல் வெளியானது. முதலில் 4 கிரே மட்டும் கொடுத்து, சில மாதங்கள் பொறுத்துப் பார்த்து, நோய் எஞ்சியவர்களுக்கு மட்டும் இன்னும் 20 கிரே தருவது அதன் திட்டம். 50 பேரில் 44 பேருக்கு முதல் 4 கிரேயிலேயே நோய் முழுவதும் மறைந்தது.

வேகமாக வளரும் லிம்ஃபோமாவுக்கு இந்த முறை பொருந்தாது. பொருந்துபவர்களுக்கும் சிகிச்சையோடு வேலை முடிவதில்லை. நோய் அதே இடத்தில் திரும்பலாம் என்பதால் தொடர் பரிசோதனை கட்டாயம். அப்படித் திரும்பினால் மறுபடியும் கதிர் கொடுக்க இடம் இருக்கிறது. முதலிலேயே குறைவாகக் கொடுத்ததன் பலன் அது.