பேணுவோரையும் பேணுதல்

ஓட்டிசம் உடைய பிள்ளையொன்று வளரும் இல்லத்துக்குச் செல்லும் உறவினர் அப்பிள்ளையைப் பற்றிப் பலவும் வினவுவர். பேசுகின்றதா, பாடசாலைக்குச் செல்கின்றதா, வைத்தியர் யாது கூறினார் என்பன அவர்தம் கேள்விகள். நேற்றிரவு எத்தனை மணி நேரம் உறங்கினாய் என்று தாயைக் கேட்போர் அரியர்.

ஓட்டிசம் காய்ச்சலைப் போல வந்து போவதன்று. மூளையின் வளர்ச்சிப் போக்கில் அமைந்த வேறுபாடாகிய அது வாழ்நாள் முழுவதும் உடனிருப்பது. ஆதலின் பேணுவோரின் உழைப்புக்கு இளைப்பாறும் வயது என ஒன்றில்லை. பிள்ளைகள் பலருக்கு இரவுத் துயில் ஒழுங்காய் அமைவதில்லை. சிலர் இரண்டொரு உணவையன்றி வேறெதனையும் தொடார். கதவு திறந்திருப்பின் வீதியை நோக்கி ஓடிவிடுவாரும் உளர். ஆண்டுக்கணக்கில் இவ்வாறு விழிப்பாயிருக்கும் உடலும் உள்ளமும் சோர்வடையாதிருப்பது எங்ஙனம்?

உழைப்பினால் வரும் சோர்வினும் கொடியது பழிச்சொல்லால் வரும் சோர்வு. அறிஞருலகமும் ஒருகாலத்தில் இதற்குத் துணைபோயிற்று. லியோ கனர் 1943ஆம் ஆண்டில் 11 பிள்ளைகளின் நிலையை விவரித்தபோது, அது பிறவியில் அமைந்ததெனக் கருதினாரேனும், பெற்றோர் பலரிடம் கனிவு குறைந்திருந்ததென்றும் எழுதிவைத்தார். அக்குறிப்புப் பின்னர் பெரும் பழியாய் வளர்ந்தது. தாயின் உள்ளம் குளிர்ப்பெட்டி போன்றிருந்தமையாற் பிள்ளை தன்னுள் ஒடுங்கிற்று என்றனர். புறூனோ பெற்றல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூலும் தாயரையே சுட்டிற்று. இரவெல்லாம் விழித்திருந்தவள் பகலிற் குற்றவாளிக் கூண்டிலும் நிற்க நேர்ந்தது.

இப்பழியை எதிர்த்தோருள் முன்னின்றவர் பெற்றோரே. ஓட்டிசம் உடைய மைந்தனின் தந்தையும் உளவியலாளருமாகிய பேணாட் றிம்லண்ட் 1964இலேயே அதை மறுத்து நூலெழுதினார். கனரும் 1969இல் பெற்றோர் கூட்டமொன்றில் அவர்களைக் குற்றமற்றவர் என அறிவித்தார். 1977இல் வெளியான இரட்டையர் ஆய்வு மரபுவழிக் காரணத்தின் வலிமையைக் காட்டிற்று. ஆயினும் பழி ஒழிந்தபாடில்லை. நம்மவரிடையே அது கிரகபலன் என்றும், கருவுற்றிருந்த காலத்துக் கவனக்குறைவு என்றும் வேறு வேடம் பூண்டு வருகின்றது.

இலண்டனில் 1962ஆம் ஆண்டு சில பெற்றோர் ஒன்றுகூடிச் சங்கமொன்றை அமைத்தனர். உளநோய் மருத்துவரும் ஓட்டிசம் உடைய மகளின் தாயுமாகிய லோர்னா விங் அவருள் ஒருவர். 1965இல் ஈலிங் என்னுமிடத்தில் அச்சங்கம் பாடசாலையொன்றைத் திறந்தது. சிபில் எல்கர் அதன் தலைமையாசிரியையாயினார். பிள்ளை பாடசாலையில் இருக்கும் சில மணி நேரம் தாய்க்கும் ஓய்வன்றோ! தன் துயரை விளக்கிக் கூறாமலே விளங்கிக்கொள்ளும் பிற தாயரைக் காண்பதும் சிறிய ஆறுதலன்று.

இல்லத்தினுள்ளே முதற்கண் கவனிக்க வேண்டியது உறக்கம். வாரத்தில் இரண்டு இரவேனும் தந்தையோ பாட்டியோ காவலை ஏற்பின், தாயின் பொறுமை தானே மீளும். அடுத்தது, பிள்ளையின் ஆவேசத்துக்கு முன் நிகழ்ந்தது யாதெனக் குறித்துவருதல். பெரும்பாலும் அது பிடிவாதமன்று. பேரிரைச்சலோ, முன்னறிவிப்பின்றி நேர்ந்த மாற்றமோ காரணமாயிருக்கும். நாளின் ஒழுங்கைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டிவைத்தால் பிள்ளையின் கலக்கம் குறையலாம். அது குறையின் தாயின் பதற்றமும் தணியும். உலக சுகாதார நிறுவனம் பேணுவோருக்கென வகுத்த பயிற்சியில் ஒன்பது குழு வகுப்புகளும் மூன்று இல்லத் தரிசிப்புகளும் உண்டு. பேணுவோரின் சொந்த நலமும் அதில் ஒரு பாடமாய் அமைந்திருத்தல் குறிப்பிடத்தக்கது.

வாரக்கணக்கில் நீங்காத துக்கம், உணவில் வெறுப்பு, உயிர்மீதே சலிப்பு என்பன தோன்றின் அவற்றை வெறும் களைப்பென ஒதுக்காது தாமதமின்றி வைத்தியரை நாடவேண்டும். உறவினரோ அறிவுரை கூறுவதை விடுத்து, “ஞாயிறு மாலை நான் பிள்ளையுடன் இருக்கிறேன், நீ போய் வா” என்பதே பேருதவி.

எமக்குப் பின் யார் என்னும் கேள்வியே பெற்றோரை ஆழ வாட்டுவது. இலண்டன் சங்கத்தாரின் பிள்ளைகளும் வளர்ந்து பெரியவராயினர். அவர்களுக்கென 1974இல் சமர்செற் மாவட்டத்தில் உறைவிடமொன்று திறக்கப்பட்டது. அங்கும் பொறுப்பேற்றுச் சென்றவர் சிபில் எல்கரே.