விருத்தாசலத்துக் களிமண்ணுக்கு ஒரு பாடநூல்

பாலிடெக்னிக்கில் சிவில், மெக்கானிக்கல் படிப்பவர்களுக்குப் பாடநூல் பஞ்சம் இல்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரக்கணக்கில் மாணவர்கள் இருக்கிறார்கள். பாடத்திட்டம் மாறிய சில மாதங்களிலேயே புது நூல்கள் கடைக்கு வந்துவிடுகின்றன. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்ப டிப்ளமோ படிப்பவர்களின் நிலை வேறு. வாங்குகிறவர்கள் சொற்பம் என்பதால் பதிப்பகங்கள் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் கிங்கரி, போவன், ஊல்மன் மூவரின் நூல் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். பட்டப்படிப்பையும் ஆராய்ச்சியையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது அது. அகல்விளக்கும் பொம்மையும் இன்சுலேட்டரும் செய்யும் ஊரில், சூளையருகே நிற்கப்போகும் பிள்ளைக்கு அதைக் கையில் கொடுத்துப் பயனில்லை.

ஆகவே ஆசிரியர்கள் தங்கள் குறிப்பையே நம்பிப் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. ஓர் ஆசிரியர் ஓய்வு பெற்றால் அவருடைய குறிப்பும் அவரோடு வீட்டுக்குப் போய்விடும். திறந்த பாடநூல் என்ற ஏற்பாடு இந்த இடத்தில்தான் கைகொடுக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

திறந்த பாடநூல் என்பதற்கு இலவச நூல் என்று மட்டும் பொருள் கொண்டால் பாதிதான் புரிந்துகொண்டோம். காசில்லாமல் படிக்கலாம்; அதோடு படியெடுக்கலாம், அச்சடிக்கலாம், வெட்டிச் சேர்க்கலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றியதை மறுபடி வெளியிடலாம். இத்தனைக்கும் எழுதியவரே முன்கூட்டி அனுமதி கொடுத்திருப்பார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் வகுப்புப் பாடங்களை இணையத்தில் வைக்கப்போவதாக 2001இல் அறிவித்தது. மறு ஆண்டு யுனெஸ்கோ கூட்டிய மாநாட்டில் 'திறந்த கல்வி வளங்கள்' என்ற பெயர் பிறந்தது. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் 2012 முதல் முழுப் பாடநூல்களையே வெளியிட்டு வருகிறது. உறுப்பு நாடுகள் இந்த வழியை ஊக்குவிக்க வேண்டும் என்று 2019இல் யுனெஸ்கோ முறைப்படி பரிந்துரைத்தது.

நம் நாட்டில் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் திட்டத்தைத் தொடங்கின. பாடத்தைப் பார்க்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். பீங்கானுக்கும் அதில் இடம் உண்டு. உயர்தரப் பீங்கான்கள் குறித்துப் பேராசிரியர் எச்.எஸ். மைத்தி கரக்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து நடத்திய தொடர் ஓர் எடுத்துக்காட்டு. ஆனால் அது ஆங்கிலத்தில், பொறியியல் பட்ட மாணவர்களின் தரத்தில் அமைந்தது. டிப்ளமோ வகுப்பில் அப்படியே ஓடவிட்டால் பாதிப் பேர் பின்தங்கிவிடுவார்கள். ஆசிரியர் அதிலிருந்து எடுக்க வேண்டியதை எடுத்து, எளிமையாக்கி, தமிழில் விளக்கித் தர வேண்டும்.

அதற்கு முன் உரிமத்தைப் படிக்க வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். இணையத்தில் கிடைப்பதெல்லாம் திறந்த நூல் ஆகிவிடாது. எழுதியவர்கள் தங்கள் படைப்பைத் திறந்துவிடப் பயன்படுத்தும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் தாராளமானது, எழுதியவர் பெயரைச் சொன்னால் போதும் என்பது. ஓப்பன்ஸ்டாக்ஸின் 'கெமிஸ்ட்ரி' நூல் அப்படி வெளியானது. நீங்கள் மாற்றி எழுதியதையும் இதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்பது இன்னொரு வகை. வணிகத்துக்குப் பயன்படுத்தாதே என்பது ஒரு நிபந்தனை, மாற்றாதே என்பது மற்றொன்று. இந்தக் கடைசி நிபந்தனை இருந்தால் மொழிபெயர்த்து வெளியிடவும் முடியாது. நம் வகுப்புக்கு அந்த நூல் படிக்க மட்டுமே.

மாற்றும் உரிமை ஏன் அவ்வளவு முக்கியம்? கிளேஸ் எனப்படும் கண்ணாடி போன்ற மேற்பூச்சுக்கான கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். ஹெர்மன் சேகர் என்ற ஜெர்மானிய வேதியியலர் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த முறை இது. சூளையின் வெப்பத்தைக் காட்டும் அவருடைய கோன்களில் நான்காம் எண்ணுக்கான வாய்பாடு: பொட்டாசியம் ஆக்சைடு 0.3, கால்சியம் ஆக்சைடு 0.7, அலுமினா 0.5, சிலிக்கா 4. இதை எடைக்கு மாற்றினால் ஃபெல்ஸ்பார் 166.8 பங்கு, சுண்ணாம்புக்கல் தூள் 70, சைனா கிளே 51.6, குவார்ட்ஸ் 108. மொத்தம் 396.4. அதாவது 100 கிலோ கலவையில் ஃபெல்ஸ்பார் ஏறக்குறைய 42 கிலோ.

காகிதத்தில் கணக்கு சரியாக வந்துவிடும். ஆனால் இதில் ஒவ்வொரு பொருளையும் கலப்படமே இல்லாத தூய பொருளாக வைத்துக்கொண்டிருக்கிறோம். எந்த லாரியிலும் அப்படிப்பட்ட பொருள் வந்து இறங்குவதில்லை. வெளிநாட்டு நூலின் பயிற்சிக் கணக்கில் இங்கிலாந்துக் களிமண் இருக்கும். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் கிடைப்பது நெய்வேலிக் களிமண். அதன் இரும்பு அளவு வேறு, சூட்டில் சுருங்கும் அளவு வேறு. சுட்ட பிறகு கிளேஸ் களிமண் உடலைவிட அதிகமாகச் சுருங்கினால் மேற்பரப்பு முழுக்க வலைபோல் விரிசல் விழும். கல்லூரி ஆய்வகத்தில் உள்ளூர் மண்ணைச் சோதித்து, அந்த எண்களைப் பயிற்சிக் கணக்கில் போட்டு, விரிசல் விழுந்த தட்டின் படத்தைப் பக்கத்திலேயே அச்சடித்துவிட்டால் மாணவருக்குப் பாடம் பிடிபட்டுவிடும். மாற்ற அனுமதிக்கும் நூலில்தான் இதைச் செய்ய முடியும்.

அதேசமயம் வாய்பாட்டுக்கும் எண்ணுக்கும் காப்புரிமை கிடையாது. சொல்லும் விதத்துக்குத்தான் உண்டு. சேகரின் எழுத்துகள் 1902இலேயே ஆங்கிலத்தில் தொகுப்பாக வந்துவிட்டன. அவ்வளவு பழைய நூல்களை யாரிடமும் கேட்காமல் எடுத்தாளலாம். எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் நம் நாட்டில் நூல் பொதுச்சொத்து.

ஜெராக்ஸ் எடுப்பது குற்றமா என்ற பயமும் ஆசிரியர்களிடம் உண்டு. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை மீது ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டன. கற்பித்தலுக்குத் தேவையான பகுதிகளைப் படியெடுத்துத் தொகுப்பாகக் கொடுப்பதைக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு அனுமதிக்கிறது என்று 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. ஆசிரியர் சமுதாயத்துக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு இது. ஆனாலும் வகுப்புக்குப் படியெடுப்பது ஒன்று, திருத்தி இணையத்தில் ஏற்றுவது வேறொன்று. பின்னதற்குத் திறந்த உரிமம் வேண்டும்.

தமிழில் கைவசம் என்ன இருக்கிறது? தமிழ்வழிக் கல்லூரிப் படிப்புக்காக 1960களிலும் 70களிலும் அரசு ஏற்பாட்டில் நூற்றுக்கணக்கான பாடநூல்கள் வந்தன. வேதியியலும் புவியியலும் தமிழில் எழுத முடியும் என்று காட்டிய உழைப்பு அது. அவற்றில் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்னூலகத்தில் வைத்திருக்கிறது. தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யும் டிப்ளமோ, பொறியியல் நூல்களைத் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் கட்டணமின்றித் தருகிறது. முதலாண்டு இயற்பியல், வேதியியல், கணிதத்துக்கு அங்கே போகலாம்.

பீங்கானுக்கென்று உள்ள பாடங்களை நாமேதான் எழுதியாக வேண்டும். அதற்கு நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். வகுப்பு, தேர்வு, விடைத்தாள், சேர்க்கை வேலை எல்லாம் முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து எழுதச் சொல்கிறோம்.  மின்பாடம் தயாரிப்பதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் கல்லூரி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு மதிப்பெண் தருகின்றன. திறந்த நூலைத் தமிழாக்கி ஊருக்கேற்பத் திருத்துவதும் அதே அளவு வேலைதான். அதற்கும் மதிப்பெண் வேண்டும், வகுப்பு நேரத்தில் குறைப்பு வேண்டும். அரசு இதைச் செய்யாமல் ஆசிரியரின் தொண்டு மனத்தை மட்டும் நம்பினால் காரியம் நடக்காது.

தொடங்க முழு நூல் தேவையில்லை, ஓர் அத்தியாயம் போதும். கிளேஸ் கணக்கை ஒருவர் எழுத, சூளைக் கட்டுப்பாட்டை இன்னொருவர் எழுதலாம். தொழிற்பேட்டையில் பல ஆண்டு சூளை பார்த்தவரிடம் கொடுத்துச் சரிபார்க்கலாம். கைபேசியில் படிக்கும்படி ஒரு கோப்பு, ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் தெளிவாக விழும்படி இன்னொன்று என இரண்டாகத் தயாரிக்க வேண்டும். திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் கூடவே வைத்தால்தான் அடுத்து வரும் ஆசிரியர் தொடர முடியும். முதல் பக்கத்தில் எழுதியவர்கள் பெயர், பதிப்பு எண், திருத்திய தேதி, எந்த நூலிலிருந்து எந்தப் பகுதி எடுக்கப்பட்டது என்ற விவரம், உரிமத்தின் பெயர் ஆகியவை இருக்க வேண்டும். மேலும் ஒரு வரி: பிழை கண்டால் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கவும், அடுத்த பருவத்துக்குள் திருத்தப்படும்.