உப்புக் காற்றும் எமது கணனியும்

கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள எமது பெண்கள் நிலையத்தின் கதவைத் திறப்பதற்கு அன்று காலை நான் சென்றபோது, மாமி எனக்கு முன்னரே வந்து வாசற்படியில் அமர்ந்திருந்தார். அவர் மன்னார் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, கைக்குழந்தையுடன் வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்களுள் ஒருவர். ஊரில் இருந்த காணியின் உறுதி வீட்டோடு போய்விட்டது. பல வருடங்களின் பின்னர் உறவினர் ஒருவரிடமிருந்து அதன் போட்டோப் பிரதி ஒன்று கிடைத்தது. அதனை நாம் ஸ்கேன் செய்து நிலையத்துக் கணனியில் சேமித்து வைத்தோம். அடுத்து வந்த மாரியில் கூரை ஒழுகி, அந்தப் போட்டோப் பிரதியும் கூழாகிப் போனது.

2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இழப்பீடுகளுக்கான அலுவலகம் அமைக்கப்பட்டதன் பின்னர், விண்ணப்பம் நிரப்பவும் ஆவணங்களைத் தேடி எடுக்கவும் பல பெண்கள் எமது நிலையத்துக்கு வருகின்றார்கள். மாமியும் அதற்காகவே வந்திருந்தார். கணனியின் ஆளியை அழுத்தினேன். விசிறி சுழன்றது. பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் திரை இருட்டாகவே இருந்தது. மூன்று தடவை முயன்றேன். அதே இருட்டு.

“மிஸ், என்ட உறுதி அதுக்குள்ளதானே கிடக்கு?” என்று மாமி கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

நகரிலுள்ள கடையொன்றுக்குத் தொலைபேசியில் சொன்னேன். பெட்டியைப் பார்க்காமலே, “மதர்போர்ட் போயிருக்கும், திருத்துவதிலும் பார்க்கப் புதிது வாங்குவது நல்லது” என்றார்கள். பேராதனையில் சமூகவியல் படித்த எனக்கு அதை மறுத்துப் பேசத் தெரியவில்லை. பெண்கள் எவரிடமும் கேள்வி கேட்கத் தயங்கக்கூடாது என்று கூட்டங்களில் பேசும் நான், ஒரு தகரப் பெட்டியின் முன்னால் வாயடைத்து நின்றேன்.

அழிறப்பர் செய்த வேலை

பாலாவிப் பக்கத்தில் கணனிப் பயிற்சி பெற்ற எமது கிராமத்துப் பிள்ளை ஒருவரை மாலையில் அழைத்து வந்தோம். அவர் முதலில் பிளக்கைக் கழற்றினார். பின்னர் ஆளியைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து, உள்ளே மிஞ்சியிருந்த மின்சாரத்தைப் போக்கினார். பக்கத்து மூடியைத் திறந்து, பெட்டியின் இரும்புப் பகுதியைக் கையால் தொட்ட பிறகு, “மிஸ், ஒரு அழிறப்பர் தாங்க” என்றார்.

மதர்போர்டில் செருகப்பட்டிருந்த விரல் நீளமான ஒரு தகட்டை, இருபுறத்துப் பிடிகளையும் விலக்கி மெல்ல எடுத்தார். அதுதான் ராம். அதன் ஓரத்தில் வரிசையாக இருந்த பொன்நிறத் தொடுமுனைகள் மங்கிப் போயிருந்தன. அவற்றை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்தார்.

மாமி பதறிப்போனார். “பிள்ளை, அழிறப்பரால அழிச்சா உள்ளுக்குக் கிடக்கிறதும் அழிஞ்சு போகாதா?”

அந்தப் பிள்ளை சிரிக்காமல் விளக்கினார். “இல்ல மாமி. இது கணனி வேலை செய்யிற நேரம் மட்டும் ஞாபகம் வச்சிருக்கிற இடம். கரண்ட் போனா எல்லாத்தையும் மறந்திடும். உங்கட உறுதி இருக்கிறது ஹார்ட் டிஸ்க்கில. அது வேற பெட்டி, அங்க இருக்கு.”

தகட்டை மீண்டும் செருகி, ‘கிளிக்’ என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்தினார். பிளக்கை மாட்டி ஆளியை அழுத்தியபோது ஒரு ‘பீப்’ ஒலி கேட்டது. திரை வெளிச்சமானது. மாமியின் உறுதியை அன்றே அச்செடுத்தோம். செலவு ஒரு சதமும் இல்லை.

அதன் பின்னர் நாம் பெண்கள் ஏழு பேர் அந்தப் பிள்ளையிடம் வாரம் ஒரு நாள் கற்றுக்கொண்டோம். கற்றவற்றுள் மிகவும் பயனுள்ளவற்றைச் சகோதரிகளுக்காக இங்கே எழுதுகின்றேன்.

கடற்கரைக் கணனிக்கு ஏன் இவ்வளவு வருத்தம்?

சமையலறை உப்புச் சாடியை நினைத்துப் பாருங்கள். மூடி இறுக்கமில்லாவிட்டால் உப்பு ஈரலித்துக் கட்டியாகிவிடும். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரையத் தொடங்குகின்றது. புத்தளத்து உப்பளங்களில் வேலை செய்யும் பெண்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு என்றிருக்கும் இக்குடாநாட்டில், கச்சான் வீசும் மாதங்களில் உப்பும் மணலும் கலந்த காற்று கணனியின் விசிறி வழியே உள்ளே போகின்றது. இரவில் அந்த உப்பு ஈரலித்து, உலோக முனைகளை மங்கவும் துருப்பிடிக்கவும் வைக்கின்றது. தூசு அதன்மேல் ஒட்டிக்கொள்ளுகின்றது.

ஆகவே கணனியைக் கடற்பக்க யன்னலருகே வைக்காதீர்கள். நிலத்திலும் வைக்காதீர்கள். வேலை முடித்து, சூடு ஆறிய பிறகு சீலையால் மூடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது மூடவே கூடாது. வேலை இல்லாவிட்டாலும் வாரத்தில் சில நாட்கள் சிறிது நேரம் இயக்குங்கள். அந்த இளஞ்சூடு உள்ளே தங்கும் ஈரத்தைப் போக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றி, மூடியைத் திறந்து, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசைத் தட்டுங்கள். துடைக்கும்போது விசிறி சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி வேண்டாம்.

எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பழுது என்றதும் உள்ளே போகக் கூடாது. வெளியிலிருந்து உள்ளே, செலவில்லாததிலிருந்து செலவுள்ளதற்குப் போக வேண்டும்.

ஒரு விளக்கும் எரியாவிட்டால்: அதே பிளக் பொயின்ற்றில் வேறொரு மின்விளக்கை மாட்டிப் பாருங்கள். பின்னர் வயரை இரு முனைகளிலும் அழுத்திச் செருகுங்கள். பெட்டியின் பின்பக்கத்தில் சிறிய ஆளி ஒன்று இருந்தால், அது அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய கணனிகள் சிலவற்றில் அதே இடத்தில் 115, 230 என்று எழுதிய சிவப்பு நகர்த்தி இருக்கும். எமது நாட்டு மின்சாரம் 230 வோல்ட். அது 115 இல் இருக்க மின்சாரம் கொடுத்தால் பவர் சப்ளை எரிந்துபோகும். வெளிநாட்டிலிருந்து நன்கொடையாக வரும் கணனிகளில் இதை முதலில் பாருங்கள். சிறுவர்கள் தொடாதபடி அதன்மேல் டேப் ஒட்டிவிடுங்கள்.

விசிறி சுழன்றும் திரை இருட்டாக இருந்தால்: மொனிட்டரின் வயரையும் அதன் ஆளியையும் பாருங்கள். அவை சரியென்றால் ராமைச் சுத்தம் செய்யலாம். விட்டுவிட்டு நீண்ட ‘பீப்’ ஒலி கேட்டால் பெரும்பாலும் ராமில்தான் குறை.

சிறிது நேரம் ஓடித் தானாக நின்றால்: அநேகமாகச் சூடு. உள்ளே உள்ள விசிறிகள் சுழல்கின்றனவா, தூசால் அடைபட்டுள்ளனவா என்று பாருங்கள்.

திகதியும் நேரமும் பின்னோக்கிப் போனால்: மதர்போர்டிலுள்ள, நாணயம் போன்ற சிறு பெற்றரி தீர்ந்துவிட்டது. அதன் இலக்கம் சீ.ஆர். 2032. மலிவானது, மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். இது சின்ன விடயம் அல்ல. எமது நிலையத்தில் ஒருமுறை, கணனி தானாக இட்ட திகதியுடன் அச்சான கடிதமொன்றில் ஆண்டு 2002 என்றிருந்தது. அதைக் கொண்டுபோன சகோதரி திருப்பி அனுப்பப்பட்டு, ஒரு நாட் கூலியையும் பஸ் காசையும் இழந்தார். திகதி பிழையாக இருந்தால் பல இணையத் தளங்களும் திறக்க மறுக்கும்.

மெதுவாக ஊர்ந்தால்

ஹார்ட் டிஸ்க் நிரம்பி வழிந்தால் கணனி மூச்சுவிட இடமில்லாமல் திணறும். பத்தில் ஒரு பங்காவது வெறுமையாக இருக்கட்டும். கணனி தொடங்கும்போது தாமாகவே எழும்பும் மென்பொருட்களுள் தேவையற்றவற்றை நிறுத்துங்கள். இரண்டு வைரஸ் காவல் மென்பொருட்களை ஒன்றாக வைத்திருக்காதீர்கள். ஒன்றை ஒன்று மறித்து இரண்டும் மெதுவாக்கும். இவற்றுக்குப் பிறகும் ஊர்ந்தால், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. ஒன்று போடுவதே பெரும்பாலும் அதிக மாற்றத்தைத் தரும்.

பென் டிரைவில் உள்ள கோப்புறைகள் எல்லாம் திடீரெனக் குறுக்குவழிப் படங்களாக மாறினால் அது வைரஸ். கோப்புகள் அழிந்துவிடவில்லை, பெரும்பாலும் மறைக்கப்பட்டே இருக்கின்றன. ‘போர்மட்’ செய்யச் சொன்னால் சம்மதியாமல், மறைந்தவற்றை மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதுபோல, பாமினி எழுத்தில் அடித்த கடிதம் வேறொரு கணனியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால், கடிதம் கெடவில்லை. அந்த எழுத்துரு அங்கே இல்லை, அவ்வளவுதான். புதிய கடிதங்களை யூனிகோட்டில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை.

விண்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்பு உதவி 2025 ஒக்டோபர் 14 இல் முடிவடைந்தது. அத்தகைய கணனி வேலை செய்யும். ஆயினும் வங்கி அலுவல்களுக்கு அதனை நம்பியிருக்க வேண்டாம்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

பவர் சப்ளை என்ற இரும்புப் பெட்டியையும், பழைய பெட்டி வடிவ மொனிட்டரையும் ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்னரும் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் அவற்றுள் தங்கியிருக்கக்கூடும். கணனிப் பெட்டியைத் தொடும்போது ‘சுர்’ என்று உணர்ந்தால் உடனே நிறுத்துங்கள். ஏர்த் வயர் சரியில்லை என்பதன் அறிகுறி அது. மூன்று முனைப் பொயின்ற்றில் பேனை மூடியைக் குத்தி இரண்டு முனை பிளக்கைச் செருகும் பழக்கம் எம்மிடையே உண்டு. கணனிக்கு மட்டுமல்ல, எதற்கும் அதைச் செய்யாதீர்கள்.

900 மெகாவாற் மின்நிலையம் நுரைச்சோலையில், எமது கரையிலேயே இருந்தும், 2022 மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறக்கவில்லை. மின்சாரம் போனால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். திரும்பி வந்து சில நிமிடங்கள் கழிந்த பிறகு மாட்டுங்கள். யூ.பி.எஸ். இருந்தால் அது தரும் சில நிமிடங்களில் கோப்பைச் சேமித்து முறையாக நிறுத்துங்கள். தொடர்ந்து வேலை செய்வதற்கு அது அல்ல.

பெட்டி பெரிதல்ல, உள்ளே இருப்பதே பெரிது

ஹார்ட் டிஸ்க்கில் ‘டிக், டிக்’ என்ற சத்தம் கேட்டால், அது சாகப் போகின்றது என்று பொருள். உடனே நிறுத்துங்கள். திரும்பத் திரும்ப இயக்கிப் பார்த்தால் உள்ளதும் போய்விடும். அன்று எமக்கு ராமில் மட்டும் கோளாறு ஏற்பட்டது அதிர்ஷ்டம். ஹார்ட் டிஸ்க் போயிருந்தால் எந்த அழிறப்பரும் உதவியிருக்காது. இருபது பெண்களின் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும், விவாகப் பதிவுகளும், காணி உறுதிகளும் ஒரே இடத்தில் இருந்தன. அது எமது தவறு. இப்போது ஒவ்வோர் ஆவணத்துக்கும் மூன்று பிரதிகள் வைத்திருக்கின்றோம்: கணனியில் ஒன்று, உரியவரின் பென் டிரைவில் ஒன்று, வேறோர் ஊரில் உள்ள உறவினரின் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ ஒன்று. ஓர் இரவில் ஊரைவிட்டு ஓடியவர்களுக்கு, எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைப்பதன் ஆபத்தை விளக்கத் தேவையில்லை.

இன்னுமொன்று. எமது கணனியில் கணவனின் அடி உதை பற்றிய முறைப்பாட்டுக் கடிதங்களும், காணாமற்போனோர் பற்றிய கடிதங்களும் உள்ளன. அவற்றை வெளியார் படிக்கக் கூடாது. ஆகவே ஹார்ட் டிஸ்க் சம்பந்தப்படாத பழுதுக்குக் கடைக்குக் கொடுக்கும்போது, அதைக் கழற்றி நிலையத்தில் வைத்துக்கொண்டே பெட்டியைக் கொடுக்கின்றோம். இரண்டு வயர்களும் நான்கு திருகாணிகளும்தான். கழற்றும் வேலை இப்போது மாமியுடையது. திருகாணிகளைச் சிரட்டையில் போட்டு எண்ணி வைப்பார்.

கடைக்காரரிடம் போகவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நேர்மையாகத் திருத்தித் தருபவர்கள் பலர் உள்ளனர். ஆனால் போகும்போது, “கணனி வேலை செய்யவில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். “விசிறி சுழல்கிறது, திரை வரவில்லை, ராமைச் சுத்தம் செய்து பார்த்துவிட்டோம்” என்று சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். கேட்கத் தெரிந்தவளிடம் விலை பேசும் விதமே வேறு.

இந்த மாதம் இரண்டு வேலைகளைச் செய்யுங்கள், சகோதரிகளே. உங்கள் ஆவணங்களின் பிரதியை இன்னோர் இடத்தில் சேமியுங்கள். உங்கள் கிராமத்தில் கணனி தெரிந்த ஒரு பெண் பிள்ளையைக் கூப்பிட்டு, மூடியைத் திறந்து ராம் எது, ஹார்ட் டிஸ்க் எது என்று காட்டச் சொல்லுங்கள். பிளக்கைக் கழற்ற மட்டும் மறக்காதீர்கள்.