ஆனைவிழுந்தானும் அரச காணியும்

முடிக்குரிய காணி என்று நம் முன்னோர் உறுதிகளில் எழுதிய நிலம் இக்காலத்தில் அரச காணி எனப்படுகிறது. பெயர் மாறியதேயன்றி அந்நிலத்தை நோக்கும் நோக்கு மாறியதாகத் தெரியவில்லை. வேலியில்லாத காணியைக் கண்டால் விறகு வெட்டலாம், மாடு மேய்க்கலாம், தடுப்பார் இல்லையெனில் வேலியும் அடைத்துக்கொள்ளலாம் என்பதே பெரும்பாலோர் கொள்கை. ஊராருக்கெல்லாம் உரியது ஒருவருக்கும் உரியதன்று என்று கொள்ளும் இம்மனப்பான்மை நம் மாவட்டத்தில் எத்துணைக் கேடு செய்தது, அக்கேடு எவ்வாறு திருத்தப்பட்டு வருகின்றது என்பவற்றைப் பழைய மாணவர்க்கும் இந்நாள் மாணவர்க்கும் ஓரிடத்தைக் கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்விடம் சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே, புகைவண்டியிற் செல்வோர் நிலையப் பெயர்ப்பலகையில் மட்டும் கண்டு கடந்து செல்லும் ஆனைவிழுந்தான்.

புத்தளத்தின் வனவிலங்கு என்றவுடன் யாவர்க்கும் நினைவு வருவது வில்பத்துவேயாகும். 1905ஆம் ஆண்டில் சரணாலயமாகவும், 1938இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்ட அது, நம் மாவட்டத்திலும் அநுராதபுர மாவட்டத்திலுமாக 1,317 சதுர கிலோமீற்றர் பரந்து கிடக்கிறது. போரின் காரணமாக நெடுங்காலம் மூடப்பட்டிருந்து 2003இல் திறக்கப்பட்டது. 2006இல் மீண்டும் மூடப்பட்டு 2010இல் மீண்டும் திறக்கப்பட்டது. அப்பூங்காவின் உயிர்நிலை அதன் சிறுத்தைகளன்று. வில்லு எனப்படும் ஆழமற்ற இயற்கை நீர்நிலைகளேயாம். மாரியில் நிறைந்து கோடையில் ஒடுங்கும் அவ்வில்லுகளைச் சுற்றியே மானும் மரையும் கரடியும் யானையும் வாழ்கின்றன. அவற்றுட் சிலவற்றின் நீர் உவர்ப்பாயிருப்பது வியப்புக்குரியது. அங்கே மனிதன் செய்யத்தக்க பெரும்பணி நீரைத் தீண்டாதிருத்தலே. ஆனைவிழுந்தானின் நிலையோ இதற்கு மாறானது. அதனை விளங்கிக்கொள்ளச் சட்டத்தைச் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும்.

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் காக்கப்படும் நிலங்களைப் பலவாறு பகுக்கின்றது. கடும் காவலுக்குரிய இயற்கை ஒதுக்கத்தினுள் ஆராய்ச்சியின் பொருட்டன்றி எவரும் புகலாகாது. தேசிய பூங்காவினுள் பார்வையிடுதற்காகக் கட்டணஞ் செலுத்திப் புகலாம். இவை அரச காணியிலேயே அமைவன. சரணாலயம் என்பது இவ்விரண்டினும் வேறானது. அதன் எல்லைக்குள் அரச காணியோடு தனியார் காணியும் அடங்கலாம்; அங்கு வாழ்வோர் தம் வழிவழி வந்த தொழிலைச் செய்துகொண்டு வாழலாம். காவலின் தரத்தில் சரணாலயத்தைத் தாழ்ந்தது என்று கருதுவோர் உளர். என் கருத்து அஃதன்று. சில இடங்களில் மனிதனை விலக்கினால் விலங்கும் விலகிவிடும். ஆனைவிழுந்தான் அத்தகைய இடம்.

இச்சரணாலயம் 1997இல் பிரகடனமாயிற்று. 1971இல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் உருவான ஈரநில உடன்படிக்கையின்கீழ், 2001ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் பதிவு பெற்றது. பூந்தலையை அடுத்து இலங்கையில் அப்பெருமையை எய்திய இரண்டாவது இடம் இதுவே. பரப்பு 1,397 ஹெக்ரயர். ஏறத்தாழ 3,450 ஏக்கர். மேற்கே கடல், அதனையொட்டி மணற்றிடர், அதன்பின் ஒல்லாந்தர் வாய்க்காலும் கண்டற் காடும், கிழக்கே நன்னீர்க் குளங்கள் என மூவகை நிலமும் ஒருங்கே அமைந்த இடம். காலையில் உவர்நீரிலும் மாலையில் நன்னீரிலும் இரைதேடும் பறவைக்கு இதனினும் வாய்ப்பான இடம் எங்கே கிடைக்கும்? நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் தாழைக்கோழியும் இலைக்கோழியும் இங்கு நிலையாக வாழ்வன; வடபுலத்துப் பனிக்கு அஞ்சி மத்திய ஆசிய வழியே வரும் சிறகிகளும் ஆலாக்களும் மாரிகாலத்தில் வந்து சேர்வன.

குளங்களை எடுத்துக்கொள்வோம். அவை இயற்கை தந்தவையல்ல. கி.பி. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கருதப்படும் இக்குளங்கள், உழவர் நெல் விளைவித்தற்பொருட்டு ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டப்பட்ட தொடர்குளங்களாம். மேற்குளம் நிறைந்து வான் பாய்ந்தால் அந்நீர் அடுத்த குளத்தை நிரப்பும். அது வான் பாய்ந்தால் அதற்கடுத்தது. வயலுக்குப் பாய்ந்து எஞ்சிய நீர் இறுதியிற் கண்டற் காட்டைச் சேரும். இவ்வமைப்பில் ஒரு துளியும் வீணாவதில்லை. ஆழமற்ற அலைகரையில் நாணலும் கோரையும் வளரும். பறவை கூடு கட்டும். நெல் அறுத்த வயலில் அது நத்தையும் நண்டும் பொறுக்கும். உழவன் பறவைக்கெனக் குளங் கட்டினானல்லன். ஆயினும் கட்டைக் காத்து, துருசைப் பழுதுபார்த்து, ஆகாயத்தாமரையை வாரியெறிந்து வந்த அவன் உழைப்பே பறவையின் வீட்டைக் காத்தது. வேளாண்மை கைவிடப்படுமாயின் குளம் தூர்ந்து, பாசியும் களையும் மூடி, சில ஆண்டுகளில் புற்றரையாகிவிடும். அதன்பின் காவலாளரை எத்துணைப் பேர் நிறுத்தினும் பயன் யாது?

இனிக் கண்டற் காடு. நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர், கடற்கரை ஊருக்குக் கண்டலையே வேலியாகக் கண்டனர். கண்டல், கண்ணா, தில்லை முதலிய மரங்கள் உவர்நீரில் வாழும் ஆற்றல் பெற்றவை. கண்டல் வளைந்த தாங்குவேர்களை ஊன்றி நிற்கும். கண்ணா சேற்றினின்றும் ஈட்டிமுனை போன்ற மூச்சுவேர்களை மேலே நீட்டும். தில்லையின் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்குக் கேடு. (சிதம்பரத்துக்குப் பெயர் தந்ததும், நம் நகரின் அயலிலுள்ள தில்லையடி என்னும் பெயரில் நிற்பதும் இம்மரத்தின் பெயரே என்பதை வகுப்பிற் கூறும்போதெல்லாம் மாணவர் வியப்பர்.) இம்மரங்களுக்கு வேண்டுவது நாடோறும் ஏறி இறங்கும் கடல்நீர். அது குறித்த உயரத்துக்கு வருதல் வேண்டும், குறித்த நேரம் நிற்றல் வேண்டும், பின் வற்றுதல் வேண்டும். ஓரடி உயரமோ தாழ்வோ மரத்தின் வாழ்வையும் சாவையும் தீர்மானித்துவிடும். வேர்களின் இடையே இறாற் குஞ்சும் மீன்குஞ்சும் பகையஞ்சாது வளர்ந்து, பருவம் எய்தியதும் கடலுக்குச் செல்லும். வடக்கே அணித்தேயுள்ள உடப்பு மக்கள் அம்பாப் பாடிக் கரைவலை இழுக்கும்போது வலையில் வருவனவற்றுட் பல, இவ்வேர்களின் நிழலில் வளர்ந்தவையே.

இந்நிலைக்கு 1980ஆம் ஆண்டுகளில் ஊறு நேர்ந்தது. புலி இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைக்க, சிலாபம் முதல் புத்தளக் களப்புவரை கரையோரமெங்கும் இறாற் பண்ணைகள் தோன்றின. கண்டற் காடும் உவர்ச் சதுப்பும் அரச காணி. விலை கொடுத்து வாங்க வேண்டுவதில்லை. அனுமதி பெறாமலே தோண்டியவரும் பலர். நான்குபுறமும் அணையிட்டுக் கடல்நீரின் வரவைத் தடுத்து, ஒல்லாந்தர் வாய்க்காலினின்றும் களப்பினின்றும் நீரை இறைத்து, கழிவுநீரை அதே வாய்க்காலுக்கும் களப்புக்கும் விட்டனர். ஒரு பண்ணையின் கழிவே அடுத்த பண்ணையின் ஊட்டநீராயிற்று. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது அஃது அவ்வழியே பண்ணைக்குப் பண்ணை பரவியதில் வியப்பில்லை. கடன்பட்டோர் பலர் குளங்களை அப்படியே விட்டுச் சென்றனர்.

இதில் ஒன்று என் நெஞ்சை விட்டு அகல்வதில்லை. பண்ணைக்கு வேண்டிய குஞ்சைப் பொரிக்கத் தாய் இறாலைக் கடலிலிருந்தே பிடித்து வந்தனர். அத்தாய் இறால் குஞ்சாயிருந்த காலத்தில் வளர்ந்த இடம் கண்டல் வேரின் அடி. தன் விதைநெல் விளையும் வயலையே வெட்டிக் களமாக்கிய உழவனை யாரேனும் கண்டதுண்டோ?

கைவிடப்பட்ட பண்ணைக் குளத்தில் கண்டல் தானாக மீளாது. அணை நிற்கும்வரை கடல்நீர் உட்புகாது. மழைநீர் தேங்கும், கோடையில் வற்றி உப்புப் படியும். மேலும் கண்டற் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த சேர்வை உண்டு. நீரின்கீழ் உள்ளவரை அது தீங்கு செய்யாது. தோண்டி வெளியே கொட்டினால் காற்றுப்பட்டு அமிலமாகி மண்ணைக் கெடுக்கும். இருபது, முப்பது ஆண்டுகள் கழிந்த பின்பும் ஒரு புல்லும் முளையாது வெளுத்துக் கிடக்கும் பண்ணை நிலங்களை நம் கடற்கரைச் சாலையிற் செல்வோர் இன்றும் காணலாம்.

இதற்கு மருந்தென்று பலரும் கண்டது கன்று நடுதல். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்பின் அவ்வார்வம் பெருகிற்று. விருந்தினர் வருவர், பந்தல் எழும், பாடசாலைப் பிள்ளைகள் வெள்ளுடையோடு சேற்றில் இறங்குவர், படம் எடுக்கப்படும். அதன்பின் அக்கன்றைக் காணச் சென்றவர் எத்துணையர்? ஆராய்ச்சியாளர் சிலர் சென்று கண்டு 2017இல் வெளியிட்ட முடிவு வருந்தத்தக்கது. அவர்கள் ஆராய்ந்த 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்றும் எஞ்சவில்லை. நாட்டில் நடப்பட்ட ஆயிரம் முதல் ஆயிரத்து இருநூறு ஹெக்ரயரில் 200 முதல் 220 ஹெக்ரயரே காடாயிற்று. காரணம் எளிது. நடுதற்கு எளிதென்று எங்கும் கண்டல் ஒன்றையே நட்டனர், வற்றுநீரிலும் மூழ்கிக் கிடக்கும் தாழ்ந்த சேற்றில் நட்டனர், நட்டபின் பேணினாரல்லர். நெடுநேரம் நீருள் மூழ்கிய கன்றில் சிப்பியினம் ஒட்டி வளர்ந்து அதனைச் சாய்த்துவிடும். கண்டற் காடில்லாத இடத்தில் முன்னர் ஏன் கண்டல் இருக்கவில்லை என்று ஒருவரும் வினவாமையே இத்துணை உழைப்பு வீணானதற்குக் காரணம்.

நல்ல முயற்சிகளும் இல்லாமலில்லை. சிலாபத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுதீச நிறுவனம், சீகொலஜி என்னும் அமெரிக்க நிறுவனத்தோடும் அரசோடும் இணைந்து 2015இல் தொடங்கிய திட்டத்தில், கண்டற் காட்டைக் காக்கும் கரையோரப் பெண்களுக்குச் சிறுகடனும் தொழிற்பயிற்சியும் அளித்தது. பம்பலையில் 2016இல் கண்டற் காட்டுக்கென நூதனசாலையும் திறக்கப்பட்டது. காட்டருகே வாழ்வார்க்குக் காட்டினால் ஒரு பயன் உண்டாதல் வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். ஆயினும் பகைமையும் ஓயவில்லை. 2020ஆம் ஆண்டிலும் ஆனைவிழுந்தான் எல்லைக்குள் இயந்திரங் கொண்டு கண்டல் அழிக்கப்பட்டது; பிடிபட்டோர் நீதிமன்றில் நிறுத்தப்பட்டனர்.

அதன்பின் அங்கு மேற்கொள்ளப்பட்ட புனரமைப்பே நாம் கற்கத்தக்கது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களமும், வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும், வயம்பப் பல்கலைக்கழக அறிஞரும் கைகோத்த அப்பணியின் நெறி, நடுவதினும் நீரை விடுவதே முதன்மை என்பதாகும். முதலில் நிலத்தின் ஏற்றத்தாழ்வை அளந்தறிதல். பழைய ஓடைகள் எவ்வழிச் சென்றன என்று காணுதல். பண்ணையின் அணையைத் தக்க இடங்களில் மட்டும் வெட்டி, மூடிய ஓடைகளைத் திறத்தல். கடல்நீர் ஏறி இறங்கத் தொடங்கியதும் படிந்த உப்பு கழுவப்படும். நண்டு வந்து வளை தோண்டும். அவ்வளைகளின் வழியே மண்ணுக்குக் காற்று செல்லும். அதன்பின் வித்து வரும். கண்டலின் வித்து மற்றைய மரங்களின் வித்துப் போல்வதன்று. தாய்மரத்திற் தொங்கும்போதே முளைத்து, நீண்ட முளைக்குருத்தாகி நீரில் வீழ்ந்து, மிதந்து சென்று, ஏற்ற சேற்றில் தானே ஊன்றிக்கொள்ளும். எம்மரம் எவ்வுயரத்தில் நிற்கத்தக்கது என்பதை நம்மினும் நன்கறிந்தது நீர். அருகில் தாய்மரம் இல்லாத இடத்திலன்றிக் கன்று நடவேண்டிய தேவையில்லை. 2024ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஐக்கிய நாடுகள் அவை இலங்கையின் கண்டற் காட்டுப் புனரமைப்பை உலகின் முன்னோடிப் பணிகளுள் ஒன்றாக ஏற்றுப் பாராட்டியது.

பாராட்டுக் கிடைத்ததால் இடர் தீர்ந்துவிடவில்லை. மேட்டு நிலத்தில் வீழ்ந்த ஒரு துளி மழை கடலைச் சேருமுன் எத்தனை அலுவலகங்களின் அதிகாரத்தைக் கடக்கின்றது என்று எண்ணிப் பாருங்கள். சிறுகுளத்துக்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களம்; சரணாலயத்துக்கு வனசீவராசிகள் திணைக்களம்; எல்லைக்கு வெளியேயுள்ள கண்டற் காட்டுக்கு வனப் பாதுகாப்புத் திணைக்களம்; பண்ணைக்கு நீருயிர் வளர்ப்பு அதிகாரசபை; கரைக்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம். ஒவ்வொன்றும் தன் எல்லைக் கல்லைக் காக்கிறது. நீரோ எல்லைக் கல்லை அறியாது. மேற்குளத்தின் துருசை அடைத்தால் கீழே கண்டலுக்குச் செல்லும் நன்னீர் குறையும். வாய்க்காலில் கழிவு கலந்தால் திறந்துவிட்ட ஓடை நஞ்சாகும்.

சிறுகுளங்களின் நீரை எந்நாளிற் திறப்பது என்பதைக் காலபோகத் தொடக்கத்திலும் சிறுபோகத் தொடக்கத்திலும் உழவர் கூடித் தீர்மானிப்பது நம் நாட்டு வழக்கு. ஆனைவிழுந்தானைக் காப்பதற்குப் புதிய சபையொன்று அமைப்பதினும், அக்கூட்டத்திலேயே சரணாலய அலுவலர்க்கு ஒன்றும் உடப்பு மீனவர்க்கு ஒன்றுமாக இரண்டு ஆசனங்களை மிகையாகப் போடுதல் நலம் என்பது என் கருத்து. நம் உயர்தர வகுப்பு உயிரியல் மாணவரும் பின்வரிசையில் இருந்து கேட்கலாம். குளத்தின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து குறித்துவைக்க அவர்களுக்கு ஓர் அளவுகோலும் ஒரு கொப்பியும் போதும்.