வீங்காத கால்கள் மறைக்கும் நோய்

தசரா பார்க்க மைசூர் போகிறவர்கள் ஊர்வலம் முடிந்ததும் ஓட்டல்களில் மொய்க்கிறார்கள். ஊறுகாய், அப்பளம், காரச் சேவு என்று வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டால் ஒரே நாளில் 10 கிராம் உப்பு சுலபமாக உள்ளே போய்விடும். உலக சுகாதார நிறுவனம் அனுமதிப்பதோ 5 கிராமுக்கும் குறைவு. 9 கிராம் உப்பு உடலில் தங்கினால் கூடவே ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனாலும் பயணிகள் யாரும் கால் வீங்கி ஊர் திரும்புவதில்லை. உபயம்: சிறுநீரகங்கள்.

இரண்டு சிறுநீரகங்களும் தினமும் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் கரைந்திருக்கும் உப்பு ஒன்றரைக் கிலோவுக்குச் சமம். 99 சதவீதத்துக்கும் மேல் ரத்தத்துக்கே திரும்புகிறது. கடைசிக் கட்டத்தில் எவ்வளவு திருப்புவது என்று உத்தரவு போடுவது ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் சரக்கு இது. 'சோடியத்தை உள்ளே இழு, பொட்டாசியத்தை வெளியே தள்ளு' என்பதுதான் அதன் கட்டளை.

அந்தச் சுரப்பியில் ஒரு கட்டி முளைத்து, ஹார்மோன் ஓயாமல் கொட்டினால்? உடல் ஊதிப்போக வேண்டும். ஆனால் ஊதுவதில்லை.

முதல் சில நாட்கள் உப்பும் நீரும் சேர்கின்றன, எடை ஓரிரு கிலோ கூடுகிறது. பிறகு சிறுநீரகம் முரண்டு பிடிக்கிறது. கூடிய ரத்த அழுத்தமே உப்பை வெளியே தள்ளுகிறது. விரிந்த இதய மேலறைகள் உப்பை வெளியேற்றும் ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன. கனடாவில் அடோல்ஃபோ டி போல்ட் 1981இல் இதைக் கண்டறிந்தார். சிறுநீரகக் குழாயின் வேறு பகுதிகளும் உப்பை உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்கின்றன. விளைவு, சாப்பிட்ட உப்பு அத்தனையும் வெளியேறிவிடுகிறது. 'ஆல்டோஸ்டிரோன் தப்பித்தல்' என்று டாக்டர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு இந்தத் தப்பித்தல் சரியாக நடப்பதில்லை. அவர்கள் கால்கள் வீங்க இதுவும் ஒரு காரணம்.

தப்பித்தலுக்கு விலை உண்டு. உயர்ந்த ரத்த அழுத்தம் இறங்குவதில்லை. பொட்டாசியம் கசிவதும் நிற்பதில்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கான் 1954இல் பார்த்த 34 வயதுப் பெண்ணின் கதை இதுதான். ஏழு ஆண்டுகளாகத் தசைப் பிடிப்பு, திடீர் திடீரென்று கை கால் தளர்ச்சி, உயர் ரத்த அழுத்தம், தரை தட்டிய பொட்டாசியம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், வெப்பப் பிரதேசச் சூட்டுக்குப் பழகிய உடல் வியர்வையில் உப்பை மிச்சம் பிடிப்பதை ஆராய்ந்தவர் கான். அவருக்குச் சந்தேகம் அட்ரீனல் மேல் விழுந்தது. டிசம்பரில் அறுவை சிகிச்சை. வலது அட்ரீனலில் 4 சென்டிமீட்டர் கட்டி. அதை எடுத்ததும் அவர் தேறினார். 'கான் நோய்' என்ற பெயர் நிலைத்தது.

அபூர்வ நோய் என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். அது தவறு. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்கு இது இருக்கலாம் என்கின்றன ஆய்வுகள். பாதிப் பேருக்கு மேல் பொட்டாசியம்கூட இயல்பாகவே இருக்கிறது. காலில் வீக்கம் இல்லை, ரத்தப் பரிசோதனையில் குறை இல்லை. பிறகு சந்தேகம் யாருக்கு வரும்? ஆண்டுக்கணக்கில் மாத்திரை மட்டும் கூடிக்கொண்டே போகிறது. இதற்கிடையே இதயமும் மூளை ரத்தக் குழாய்களும் அடி வாங்குகின்றன.

பொட்டாசியம் குறைந்தவரை வாழைப்பழம் சாப்பிடச் சொல்வது வழக்கம். ஆனால் ஹார்மோன் அடங்காதவரை, மைசூரை அடுத்த நஞ்சன்கூட்டின் பேர்பெற்ற ரசபாளே பழத்தைத் தாரோடு தின்றாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

ரத்தத்தில் ஆல்டோஸ்டிரோன், ரெனின் இரண்டையும் அளந்து ஒப்பிட்டால் துப்புக் கிடைத்துவிடும். ஒரு சுரப்பியில் மட்டும் கோளாறு என்றால் அதை அகற்றலாம். இரண்டிலும் என்றால் ஹார்மோனை மறிக்கும் ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் உண்டு. மூன்று மருந்துக்கும் அடங்காத ரத்த அழுத்தம், இளம் வயதிலேயே வந்த ரத்த அழுத்தம், காரணமில்லாத தசைத் தளர்ச்சி: இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் இந்தப் பரிசோதனை பற்றிக் கேட்டுவிடுவது நல்லது. சிறுநீரகம் வீக்கத்தை மறைக்கலாம். நோயைத் தீர்க்க அதனால் முடியாது.