வாயில் ஒரு வெண்திட்டு, கையில் ஒரு மாத்திரை

திருவனந்தபுரத்தில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுச் சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்தால் முருங்கைக்கீரை, சிவப்புக் கீரை, பரங்கிக்காய் என்று வைட்டமின் ஏ தரும் சரக்குகள் எல்லாம் கிடைக்கும். வெற்றிலையும் பாக்கும் அங்கேயே கிடைக்கும். கீரையிலும் காயிலும் உள்ள அந்தச் சத்து, வெற்றிலை பாக்கின் தீங்கைத் தடுக்குமா? இந்தக் கேள்வியைத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் முறையாகச் சோதித்துப் பார்த்தது. புகையிலையும் பாக்கும் மெல்பவர்களின் கன்னத்தின் உட்புறத்தில் துடைத்தாலும் போகாத வெண்திட்டுகள் தோன்றும். அவற்றில் சில பிற்காலத்தில் புற்றாக மாறும். இத்தகைய மாற்றங்கள் இருந்த மீனவ ஆண்களும் பெண்களுமாக 160 பேர் மூன்று பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு வைட்டமின் ஏ, ஒன்றுக்கு உடல் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டின், இன்னொன்றுக்கு மருந்தே இல்லாத மாத்திரை என ஓராண்டு கொடுக்கப்பட்டது. 1997-இல் வெளியான முடிவு யாரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். வைட்டமின் ஏ பெற்றவர்களில் 52 விழுக்காட்டினருக்கும், பீட்டா கரோட்டின் பெற்றவர்களில் 33 விழுக்காட்டினருக்கும் திட்டு முற்றிலும் மறைந்தது. வெறும் மாத்திரை பெற்றவர்களில் அது 10 விழுக்காடுதான்.

இதோடு நிறுத்திக்கொண்டால் மருந்துக்கடைக்கு ஓடத் தோன்றும். ஆனால் அந்த ஆய்வின் அடுத்த பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாத்திரையை நிறுத்தியதும், வைட்டமின் ஏ-யால் குணமானவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கும், பீட்டா கரோட்டினால் குணமானவர்களில் பாதிப் பேருக்கும் திட்டு திரும்பி வந்தது. அப்படியானால் நிறுத்தாமல் விழுங்கினால் என்ன என்று கேட்கலாம். வாரத்துக்கு 3 லட்சம் யூனிட் வைட்டமின் ஏ என்பது அங்கே கொடுத்த அளவு. வளர்ந்த ஓர் ஆணுக்கு வேண்டியதைப்போல அது ஏறத்தாழ 13 மடங்கு. மிகுதியான வைட்டமின் ஏ சிறுநீரோடு போய்விடாது. கல்லீரலில் சேர்ந்து அதையே கெடுக்கும், கருவிலுள்ள குழந்தைக்கு ஊனம் உண்டாக்கும். ஆண்டுக்கணக்கில் விழுங்கக்கூடிய அளவல்ல அது. கீரையில் இந்த அச்சமில்லை. அதிலுள்ள கரோட்டினை உடல் தன் தேவைக்கேற்பத்தான் வைட்டமினாக மாற்றிக்கொள்ளும்.

காய்கறி அதிகம் உண்பவர்களுக்குப் புற்றுநோய் குறைவு என்று பல கணக்கெடுப்புகள் சொல்கின்றனவே என்பது அடுத்த எதிர்வாதம். உண்மைதான், ஆனால் அப்படி உண்பவர்கள் புகைப்பதும் பெரும்பாலும் குறைவு. பெருமை எதைச் சேரும் என்று அறிய மாத்திரையைத் தனியே கொடுத்துப் பார்க்கத்தான் வேண்டும். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் அப்படிப் பார்த்தார்கள். பீட்டா கரோட்டின் பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்று 18 விழுக்காடு அதிகமாக வந்தது என்று 1994-இல் அறிவித்தார்கள். அமெரிக்காவில் புகைப்பவர்கள், கல்நார்த் தொழிலாளர்கள் உள்ளிட்டோரிடம் நடந்த சோதனையில் 28 விழுக்காடு கூடியது. 1996 ஜனவரியில் அதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். சீனாவின் லின்சியன் வட்டாரத்தில் மட்டும் பீட்டா கரோட்டின், வைட்டமின் இ, செலினியம் ஆகியவை சேர்ந்த மாத்திரையால் புற்றுநோய் இறப்பு 13 விழுக்காடு குறைந்தது. அங்குள்ளவர்களுக்கு அந்தச் சத்துகள் முன்பே பற்றாக்குறையாக இருந்தன. பள்ளத்தை நிரப்பினால் பயன் உண்டு. நிரம்பியதன்மேல் கொட்டினால் இல்லை. புகையால் புண்பட்ட நுரையீரலில் அது கேடாகவே முடிந்தது.

வெண்திட்டு ஏன் திரும்பி வருகிறது என்பதற்கும் இங்கேதான் விடை இருக்கிறது என்பேன். திட்டை உண்டாக்கும் பொருள் வாயில் இருந்துகொண்டே இருந்தால், மறைந்த திட்டு எத்தனை நாள் தங்கும்? புகையிலை சேர்க்காமல் வெறும் வெற்றிலை பாக்கு போடுபவர்களும் தப்பவில்லை. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வெளியிட்ட ஆவணத்தில் வகைப்படுத்தியிருக்கிறது. மாத்திரையைவிட உறுதியான பலனைத் தந்ததும் இதே மாவட்டத்தில் நடந்த இன்னொரு முயற்சிதான். 1996 முதல் 13 ஊராட்சிகளில் நடந்த அந்தச் சோதனையில், ஏழு ஊராட்சிகளில் மட்டும் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, விளக்கொளியில் மக்களின் வாயைப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்று இறப்பு 34 விழுக்காடு குறைந்ததாக 2005-இல் முடிவு வந்தது. இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ, வெள்ளையோ சிவப்போ ஆன திட்டோ வாயில் தென்பட்டால், கிழக்கேகோட்டையில் பேருந்து ஏறி மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள அந்த மையத்துக்கே போய்க் காட்டிவிடலாம்.