உறுமல் கூடியது, குதிரை கூடியதா?

தம்பி மகன் தன் காரில் கூம்பு வடிவ ஏர் ஃபில்டர் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். "பெரியப்பா, பிக்கப் எப்படி இருக்குன்னு நீங்களே ஓட்டிப் பாருங்க" என்று சாவியை நீட்டினான். ஓட்டினேன். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பானெட்டுக்குள்ளிருந்து ஓர் உறுமல் கிளம்பியது. கார் பாய்வது போலத்தான் இருந்தது. வீடு திரும்பியதும் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவனுக்குப் பிடிக்கவில்லை.

கணக்கு இதுதான். நம் ஊர்ச் சிறிய கார்களில் உள்ள பெட்ரோல் இன்ஜின், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். 1.2 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால், நிமிடத்துக்கு 3,600 லிட்டர், நொடிக்கு 60 லிட்டர் காற்று. வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் இருக்கிறதே, அதில் மூன்று கேன், ஒவ்வொரு நொடியும்! அந்தக் காற்றின் எடை ஏறக்குறைய 70 கிராம். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். ஆக, நொடிக்குச் சுமார் 5 கிராம் பெட்ரோலைத்தான் அந்த இன்ஜினால் ஒழுங்காக எரிக்க முடியும். காற்று கூடினால் பெட்ரோலைக் கூட்டலாம், பவரும் கூடும். ஃபில்டர் விற்பவர்கள் சொல்வதில் இதுவரை பொய் எதுவும் இல்லை. பழைய ஃபில்டர் எவ்வளவு காற்றைத் தடுத்துக்கொண்டிருந்தது என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

நகரத்தில் ஓட்டும்போது காற்றைத் தடுப்பது ஃபில்டர் அல்ல, நம் வலது கால். ஃபில்டருக்கு அப்பால் த்ராட்டில் என்றொரு தகடு இருக்கிறது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துப் போகையில் அது பெரும்பாலும் மூடியேதான் கிடக்கும். அதைத் தாண்டினால் அழுத்தம் வெளிக்காற்றில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். குழாயைப் பாதி மூடி வைத்துக்கொண்டு, மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் பைப்பை அகலமாக்கினால் வாளி சீக்கிரம் நிறைந்துவிடுமா?

சரி, ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்கிறோம், இன்ஜினும் உச்ச வேகத்தில் சுற்றுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது ஃபில்டரின் தடை கணக்கில் வரும். ஆனால் சுத்தமான ஃபில்டரும் அதன் குழாய்களும் சேர்ந்து விழுங்கும் அழுத்தம், வெளிக்காற்று அழுத்தத்தில் சில சதவீதம்தான். அதை 3 சதவீதம் என்று வையுங்கள். அந்தத் தடையை முற்றிலும் ஒழித்தாலும் 85 குதிரைத்திறன் இன்ஜினுக்குக் கிடைப்பது இரண்டரைக் குதிரை. எந்த ஃபில்டராலும் தடையை முற்றிலும் ஒழிக்க முடியாது என்பதால், அதுவும் முழுசாகக் கைக்கு வராது.

இனி வெப்பம். தொழிற்சாலையில் பொருத்தும் ஃபில்டர் பெட்டி, வெளிக்காற்றைத் தனிக் குழாய் வழியே இழுக்கிறது. மூடாத கூம்பு ஃபில்டரோ பானெட்டுக்குள் இருக்கும் காற்றையே குடிக்கிறது. வெளியே 35 டிகிரி இருக்கும்போது, சிக்னலில் நிற்கும் காரின் பானெட்டுக்குள் 60 டிகிரி என்றால், காற்றின் அடர்த்தி 7 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். மூன்று லாபம், ஏழு நஷ்டம்! கார் வேகமெடுத்தால் உள்ளே சூடு தணியும் என்பது உண்மைதான். ஆனால் நம் சாலைகளில் எத்தனை நிமிடம் அப்படி ஓட்டுகிறோம்?

கார் ஓடும்போது எதிர்க்காற்றே இன்ஜினுக்குள் காற்றைத் திணித்துவிடும் என்று சொல்லி விற்கும் குழாய்களும் உண்டு. 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றின் கூடுதல் அழுத்தம் அரை சதவீதம்கூட வராது.

பிறகு ஏன் இந்த நம்பிக்கை? அதற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 1960, 70களின் அமெரிக்கக் கார்களில் கார்புரேட்டர் மேல் வட்டமான ஏர் கிளீனர் உட்கார்ந்திருக்கும். சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காக அதன் வாயைக் குறுக்கிவைத்திருந்தார்கள். மூடியைக் கவிழ்த்துப் போட்டாலே காற்று தாராளமாகப் போகும். பெரிய இன்ஜினும் சின்ன வாயும் இருந்த காலத்து வைத்தியம் அது. நோய் போய்விட்டது, மருந்து மட்டும் கடையில் இருக்கிறது.

இன்னொரு காரணம் காது. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் 'ஊம்' என்கிறதல்லவா? 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ந்த அந்த ஒலி விதியை வைத்துத்தான், காற்றுக் குழாயின் ஓரத்தில் ஒரு வெற்று அறையை ஒட்டி உறுமலை விழுங்க வைக்கிறார்கள். புது ஃபில்டர் மாட்டும்போது முதலில் கழற்றி எறிவது இந்த அறையைத்தான். சத்தம் உடனே உள்ளே வரும். முதுகும் சீட்டில் அழுந்துவது போலத் தோன்றும்.

பவரை அளக்கும் கருவியைக் காட்டி, 'டைனோவில் ஏறியதே' என்பார்கள். பானெட்டைத் திறந்துவைத்து, எதிரே பெரிய ஃபேனை ஓடவிட்டு அளந்தால் சூட்டின் நஷ்டம் அங்கே தெரியவே தெரியாது. வேறொரு விஷயமும் உண்டு. உள்ளே போகும் காற்றை சென்சாரால் அளக்கும் கார்களில், அந்த இடத்துக் குழாய் அகலமாகிவிட்டால் சென்சார் காற்றைக் குறைத்துக் காட்டும், பெட்ரோலும் குறையும். முழு வேகத்தில் இன்ஜினைக் குளிர்விக்கவென்று கம்பெனி கொஞ்சம் கூடுதலாகவே பெட்ரோல் ஊற்றுகிறது. அது குறையும்போது ஓரிரு குதிரை ஏறத்தான் செய்யும். ஆனால் அது புதுக் காற்று தந்த குதிரை அல்ல, இன்ஜினின் பாதுகாப்பிலிருந்து எடுத்தது.

அடைத்துப்போன ஃபில்டர் வேறு கதை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் இதைச் சோதித்தது. கணினிக் கட்டுப்பாடுள்ள கார்களில் அடைத்த ஃபில்டரை மாற்றியதால் மைலேஜ் கூடவில்லை. வேகமெடுப்பது மட்டும் 6 முதல் 11 சதவீதம் மேம்பட்டது. அதைச் சாதித்தது சாதாரணப் புது ஃபில்டர்தான்!

பந்தய மைதானத்துக்கென்று கேம்ஷாஃப்ட், எக்ஸாஸ்ட், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ எல்லாவற்றையும் மாற்றுகிறவர்களுக்குப் பெரிய இன்டேக், அதாவது காற்று உள்ளே போகும் பெரிய வழி, தேவைப்படலாம். மற்றவர்கள், குறிப்பாகச் சென்னைவாசிகள், குளிர்ந்த காற்று வேண்டும் என்று ஃபில்டரை பம்பருக்குக் கீழே இறக்கும் வகையை மட்டும் வாங்கிவிடாதீர்கள். தேங்கிய மழைநீரை அது இழுத்துவிட்டால் தண்ணீர் காற்றைப் போல அமுங்காது, கனெக்டிங் ராட்தான் வளையும். ஒரு மழைக்கு இன்ஜினையே இறக்க வேண்டிவரும்.

எதற்கும் ஒருமுறை பானெட்டைத் திறந்து, ஃபில்டர் பெட்டியிலிருந்து கிளம்பும் குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள். பெரும்பாலான புதிய கார்களில் அதன் வாய் ரேடியேட்டருக்கு மேலே, முன்பக்கக் காற்றைப் பார்த்தபடி இருக்கும். ஆயிரக்கணக்கில் விலை சொல்லி விற்கிறார்களே 'கோல்டு ஏர் இன்டேக்', அது உங்கள் காரில் ஏற்கெனவே இருக்கிறது.